விழாத கோல்களின் கணக்கு

2021 ஜூன் முதலாம் திகதி, அதிகாலை நாலரை மணி. பயணக் கட்டுப்பாட்டில் மட்டக்களப்பு நகரம் அடங்கிக் கிடந்த காலம். கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து நான் வட்ஸ்அப்பில் ஐஸ் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் மகன் தன் கைபேசியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் சாத்தி வைத்திருந்தான். அங்கே அப்போது முதல் நாள் இரவு ஏழு மணி. ரொறன்ரோ மேப்பிள் லீப்ஸ் அணிக்கும் மொன்றியல் கனேடியன்ஸ் அணிக்கும் இடையிலான தொடரின் ஏழாவது போட்டி, கடைசிப் போட்டி. முதலில் நான்கு போட்டியை வெல்கிற அணி அடுத்த சுற்றுக்குப் போகும். படம் அடிக்கடி உறைந்து நின்றது. பக் என்று சொல்லும் அந்தக் கறுப்பு றப்பர் வட்டு என் திரையில் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியவில்லை. அவன் கத்துவதை வைத்துத்தான் நடப்பதை ஊகித்தேன். போகப் போக அவன் சத்தம் குறைந்தது.

தொடரில் 3–1 என்று முன்னால் நின்ற ரொறன்ரோ, அடுத்தடுத்து மூன்று போட்டிகளைத் தோற்று வெளியேறியது. "மாமா, மத்யூசைக் காணவே இல்ல" என்றான் மருமகன். ஒஸ்டன் மத்யூஸ் அந்தப் பருவத்தில் 52 போட்டிகளில் 41 கோல் அடித்து முழு லீக்கிலும் முதலிடத்தில் இருந்தவர். இந்தத் தொடரின் ஏழு போட்டிகளில் அவர் அடித்தது ஒரேயொரு கோல். அவருடைய கூட்டாளி மிச் மார்னருக்கு அதுவும் இல்லை.

"அவனோட ஆர் மனே நிண்டது?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "டானோ எண்டு ஒருத்தன் மாமா. அவன் கோலே அடிக்கிறதில்ல" என்றான்.

பள்ளிக்கூட நாட்களில் மண் தரையில் ஹொக்கி விளையாடியவன் நான். என் இடம் லெப்ட் பெக். அதனால் அந்தப் பதில் எனக்குள் தங்கிவிட்டது. கோலே அடிக்காத ஒருவன் உலகத்தின் மிகச் சிறந்த கோலடிப்பவனை ஏழு போட்டிகளுக்கு இல்லாமல் ஆக்கியிருக்கிறான். அது எப்படி நடக்கிறது, அதற்கு என்ன விலை, அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று அன்றிலிருந்து தேடித் தேடிப் பார்த்து வருகிறேன்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஐஸ் ஹொக்கித் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். ஒரு பக்கத்துக்குக் கோல்காப்பாளரோடு சேர்த்து ஆறு பேர். தலா 20 நிமிடமாக மூன்று பகுதி, மொத்தம் 60 நிமிடம். நம்முடைய ஆட்டங்களில் இல்லாத ஒரு வேகம் இதில் உண்டு. சறுக்குக் காலணியோடு முழு மூச்சில் ஓடுகிறவர் முக்கால் நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிப்பது கஷ்டம். அதனால் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே வீரர்கள் மதிலைத் தாண்டி வெளியே குதிக்க, அடுத்த ஆட்கள் உள்ளே குதிப்பார்கள். ஒரு ஷிப்ட் என்பது ஏறத்தாழ 45 விநாடி. வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எச்.எல்லில் ஒரு போட்டிக்கு, கோல்காப்பாளர்களை விட்டு, 18 பேரை இறக்கலாம். வழமையாகப் பன்னிரண்டு பேர் முன்வரிசை, ஆறு பேர் பின்வரிசை. முன்வரிசையில் மும்மூன்று பேராக நான்கு லைன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மத்யூஸ் போன்ற ஒரு நட்சத்திரம் ஒரு போட்டியில் நிற்பது இருபது நிமிடமும் கொஞ்சமும். மிச்சம் நாற்பது நிமிடம் அவர் பெஞ்சில் இருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். அந்த நாற்பது நிமிடத்தையும் யாரோ ஒருவர் விளையாடத்தான் வேண்டும். உங்கள் நட்சத்திரம் எடுத்த முன்னிலையை அந்த நேரத்தில் கரைய விடாமல் வைத்திருப்பது மூன்றாம், நான்காம் லைன்காரர்களின் வேலை. எதிரணியின் நட்சத்திரம் இறங்கும் அந்த இருபது நிமிடத்தை வெறும் நிமிடங்களாக ஆக்கிவிடுவதும் அவர்களுடைய வேலைதான்.

இரண்டாவது வேலை பயிற்றுவிப்பாளர்களின் சதுரங்கம். ஆட்டம் நிறுத்தப்பட்டு மறுபடி தொடங்கும்போது, வெளியூர் அணி தன் ஆட்களை முதலில் இறக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு உள்ளூர் அணி தன் ஆட்களை மாற்றலாம். எதிரே மத்யூஸ் நிற்கிறாரா, உடனே டானோவை அனுப்பு. அதுதான் அந்த உரிமையின் பயன். மொன்றியலின் பிலிப் டானோ அந்தத் தொடர் முழுக்க இந்த வேலையைச் செய்தார். பிறகு அரையிறுதியில் லாஸ் வேகாஸ் அணியோடு விளையாடியபோது, அந்த அணியின் தலைவர் மார்க் ஸ்டோன் ஆறு போட்டிகளில் ஒரு கோலும் அடிக்கவில்லை, ஒரு கோலுக்கும் கைகொடுக்கவில்லை. முழுப் புகழையும் டானோவுக்குக் கொடுக்க முடியாது. மொன்றியலின் கோல்காப்பாளர் கெரி பிரைஸ் அந்த வருடம் மலை மாதிரி நின்றார். ரொறன்ரோவின் தலைவர் ஜோன் டவாரஸ் முதல் போட்டியிலேயே தலையில் அடிபட்டு வெளியேறியிருந்தார். ஆனாலும் ஒரு விஷயம் கண்முன்னால் இருக்கிறது. அந்த வருடத்துப் பிளேஓஃபில், அதாவது பருவம் முடிந்த பிறகு கிண்ணத்துக்காக நடக்கும் சுற்றுகளில், டானோ 22 போட்டி விளையாடி அடித்தது ஒரு கோல். சில வாரங்களில் லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸ் அணி அவரை ஆறு வருடத்துக்கு, வருடத்துக்கு 55 இலட்சம் அமெரிக்க டொலர் என்று எடுத்துக்கொண்டது. ஒரு கோலுக்காக யாரும் மூன்று கோடி முப்பது இலட்சம் டொலர் கொடுப்பதில்லை.

அப்படியானால் எதற்குக் கொடுத்தார்கள்? கிட்ட நின்று பார்த்தால்தான் தெரியும். எங்கள் பள்ளிக்கூட அணியில் சென்ரர் ஹாஃபாக ஒரு பெடியன் இருந்தான். கட்டையான ஆள், ஓட்டமும் பெரிதாக இல்லை. பந்தோடு வருகிறவன் மேல் அவன் பாயவே மாட்டான். ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைத்தபடி, பின்பக்கமாக நடந்து நடந்து, ஒரு பக்கத்து வழியை மட்டும் திறந்து விடுவான். வருகிறவனுக்கு அது வழி மாதிரித் தெரியும். போகப் போக ஓரக் கோடு வந்து முட்டும். பந்து வெளியே போய்விடும். பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு, வந்தவன்தான் பிழை விட்டான் என்று தோன்றும். கைதட்டல் இல்லை. ஒரு போட்டிக்கு அவன் காய்ச்சலால் வரவில்லை. எங்கள் நடுவால் அன்று எல்லாரும் நேராக வந்தார்கள். முதல் பாதிக்குள்ளேயே நான்கு கோல் வாங்கினோம். பின்னால் நின்ற எனக்குத்தான் ஏச்சு விழுந்தது. ஆனால் முன்பு நான் நல்ல பெக்காகத் தெரிந்ததற்குக் காரணம் எனக்கு முன்னால் நின்றவன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஐஸ் ஹொக்கியிலும் இதே வேலைதான், வேகம் மட்டும் பல மடங்கு. பக்குக்கும் தன் கோலுக்கும் நடுவே உடம்பை வைத்திருப்பது, பாஸ் போகக்கூடிய பாதையில் ஸ்டிக்கின் தட்டையை வைப்பது, அடிக்கிறவரை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கோலின் கோணத்தைச் சுருக்குவது. பக் கையில் கிடைத்தால் வித்தை காட்டாமல் தங்கள் எல்லைக்கு வெளியே அனுப்பிவிட்டு, அடுத்தவருக்கு இடம் கொடுத்து வெளியேறுவது. இதில் ஒன்றும் சாயங்காலச் செய்தியில் வராது.

தண்டனை நேரத்தில் இந்த வேலையின் உச்சத்தைப் பார்க்கலாம். தவறு செய்த வீரர் இரண்டு நிமிடம் பெட்டிக்குள் உட்கார வேண்டும். அவருடைய அணி நான்கு பேரோடு ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கு மைதானத்தில் கோடு கீறி விளையாடும்போது, கோட்டில் நின்று மறிக்கிறவன் கோட்டை விட்டு இறங்கக் கூடாது. தட்டுக்குள் நிற்கிறவன் இடமும் வலமுமாக உடம்பை ஆட்டி ஆசை காட்டுவான். மறிக்கிறவன் அதற்கு இணங்கி ஒரு எட்டுக் கூட வைத்தால் மற்றப் பக்கத்தால் ஆள் போய்விடுவான். பொறுமைதான் அங்கே முதல். ஐஸில் அந்த நான்கு பேரும் ஒரு சதுரம்போல நின்று செய்வது இதைத்தான். ஒருவன் ஆசைப்பட்டுப் பாய்ந்தால் சதுரம் உடையும், உடைந்த இடத்தால் பாஸ் போகும், கோல் விழும். எதிரே நிற்கும் ஐந்து பேரும் அந்த அணியின் மிகச் சிறந்த ஐந்து பேராக இருப்பார்கள். அப்படியும் இந்த லீக்கில் பத்துத் தடவையில் ஏறத்தாழ எட்டுத் தடவை நான்கு பேர்தான் தப்புகிறார்கள்.

2013 ஜூன் 5ஆம் திகதி, பொஸ்டன் நகரம். பொஸ்டன் புருயின்ஸ் அணிக்கும் பிற்ஸ்பேர்க் பென்குயின்ஸ் அணிக்கும் இடையிலான அரையிறுதித் தொடரின் மூன்றாவது போட்டி. பொஸ்டனுக்கு ஒரு ஆள் குறைவு. பிற்ஸ்பேர்க்கின் எவ்கெனி மல்கின் ஸ்டிக்கை ஓங்கினார். பொஸ்டனின் நான்காம் லைன் வீரர் கிரெகரி கம்பல் அவருக்கு முன்னால் விழுந்து படுத்தார். பக் என்பது ஒரு அங்குலத் தடிப்பும் 170 கிராம் நிறையும் உள்ள கெட்டியான றப்பர். உறைய வைத்துத்தான் களத்துக்குக் கொண்டு வருவார்கள். அது கம்பலின் வலது காலில் பட்டுக் கால் எலும்பு முறிந்தது. விழுந்தவர் எழும்பினார். பெஞ்சுக்குப் போக வழி இல்லை, ஏனென்றால் பக் இன்னும் எதிரணியிடம் இருந்தது. அவர் போனால் மூன்று பேர்தான் மிச்சம். முறிந்த காலை இழுத்துக்கொண்டு, ஸ்டிக்கைப் பாஸ் பாதையில் நீட்டியபடி, ஏறத்தாழ ஒரு நிமிடம் தன் மூலையில் நின்றார். கோல் விழவில்லை. அந்தப் போட்டியைப் பொஸ்டன் இரண்டாவது மேலதிக நேரத்தில் 2–1 என்று வென்றது. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிக கோல் அடித்த அணி பிற்ஸ்பேர்க். சிட்னி குரொஸ்பியும் மல்கினும் இருந்த அணி. நான்கு போட்டியிலேயே முடிந்துபோன அந்தத் தொடரில் அவர்கள் மொத்தமாக அடித்தது இரண்டே கோல்.

கம்பலின் காணொளியை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். முறிவை விட, முறிந்த பிறகும் அவருடைய ஸ்டிக் சரியான இடத்தில் இருப்பதுதான் என்னை அசைப்பது. அது பழக்கம். ஆயிரம் நாள் யாரும் பார்க்காதபோது செய்த வேலையின் பழக்கம்.

சரி, இதற்கு எப்படிக் கணக்கு வைப்பது? படுவான்கரைப் பக்கம் வேளாண்மை செய்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கதிர் முற்றும் காலத்தில் வட்டையில் பரண் கட்டி, யானை வெடியும் டோர்ச்சுமாக இராத்திரி முழுக்கக் காவல் இருப்பார்கள். அறுவடை முடிந்ததும் எத்தனை மூடை என்று எண்ணுவோம். காவல் இருந்தவன் எத்தனை மூடையைக் காப்பாற்றினான் என்று எண்ண வழி இல்லை, ஏனென்றால் யானை தின்னாத நெல்லும் மற்ற நெல்லோடு சேர்ந்துதான் மூடைக்குள் கிடக்கிறது. காவல் இல்லாமல் போன வருடம்தான் அவன் கணக்கைக் காட்டும்.

ஹொக்கிக்காரர்கள் இந்தக் கணக்கைப் பிடிக்கப் பல வழி பார்த்தார்கள். மிகப் பழையது கூட்டல்-கழித்தல் எண். நீங்கள் களத்தில் நிற்கும்போது உங்கள் அணி கோல் அடித்தால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும். கேட்கும்போது நியாயமாக இருக்கிறது. ஆனால் எந்நேரமும் எதிரணியின் சிறந்த மூவரோடு, அதுவும் தங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே ஷிப்டைத் தொடங்குகிற ஒருவருக்கு அந்த எண் கழித்தலில் போய் நிற்கும். பலவீனமான ஆட்களோடு மட்டும் இறக்கப்படுகிறவருக்குக் கூடிக்கொண்டு போகும். கஷ்டமான வேலையைச் செய்தவனையே குற்றவாளியாகக் காட்டுகிற எண் அது. பிறகு, அடிக்க முயன்ற ஒவ்வொரு ஷொட்டையும் எண்ணும் கோர்சி என்ற அளவு வந்தது. ஜிம் கோர்சி என்ற கோல்காப்பாளர் பயிற்றுவிப்பாளரின் பெயர் அது. இப்போது ஒவ்வொரு ஷொட்டும் எந்த இடத்திலிருந்து வந்தது, அங்கிருந்து கோல் விழும் வாய்ப்பு எவ்வளவு என்றெல்லாம் கணிக்கிறார்கள். எதிரணி அடித்ததில் எத்தனை ஆபத்தான இடத்திலிருந்து வந்தவை என்பதாவது இதில் தெரியும். பாஸ் போகாமலே நின்றுபோன பாதைகளுக்கு இன்னும் நல்ல எண் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

இந்த எண்கள் ஒரு பழைய நம்பிக்கையையும் உடைத்தன. உடம்பால் நிறைய ஷொட்டுகளை மறிக்கிறவர்தான் நல்ல தடுப்பு வீரர் என்று ஒரு காலத்தில் பேசினார்கள். ஒருவர் அடிக்கடி மறிக்க வேண்டி வருகிறது என்றால், பக் அடிக்கடி எதிரணியிடம் இருக்கிறது என்றும் அர்த்தம். கம்பல் செய்தது வீரம். ஆனால் அப்படிப் படுக்க வேண்டிய நிலையே வராமல் பக்கைப் பறித்து வெளியே கொண்டுபோகிறவர் இன்னும் உயர்ந்தவர். தடுப்பாட்டத்தில் சிறந்த முன்வரிசை வீரருக்குக் கொடுக்கும் செல்க்கி விருதின் பட்டியலைப் பார்த்தால் இது விளங்கும். 1978இல் தொடங்கிய அந்த விருதை முதல் நான்கு வருடமும் தொடர்ந்து வாங்கியவர் மொன்றியலின் பொப் கெய்னி. ஒரு பருவத்தில் அவர் அதிகபட்சம் அடித்தது 23 கோல். லீக்கை வெல்கிற அணிக்குக் கொடுக்கும் ஸ்டான்லி கிண்ணத்தை வாங்கியது ஐந்து தடவை. 1979இல் பிளேஓஃபின் சிறந்த வீரராகவும் அவரைத்தான் தெரிந்தார்கள், அதுவும் நட்சத்திரங்கள் நிறைந்து வழிந்த அணியில். அதே விருதை ஆறு தடவை வாங்கிய பொஸ்டனின் பத்ரிஸ் பெர்ஜரோன் மறித்து மட்டும் நின்றவரல்ல. பக்கைத் தன் அணியிடமே வைத்திருந்து எதிரணியைப் பட்டினி போட்டவர்.

டாம்பா பே லைட்னிங் அணியின் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. 2018–19 பருவத்தில் அவர்கள் 62 போட்டி வென்றார்கள். அதுவரை லீக்கில் யாரும் அதைத் தாண்டியதில்லை. அவர்களுடைய நிகிதா குச்செரோவ், அடித்த கோலும் கைகொடுத்த கோலும் சேர்த்து, 128 புள்ளிகளோடு அந்த வருடத்துச் சிறந்த வீரர். அப்படிப்பட்ட அணி பிளேஓஃபின் முதல் சுற்றிலேயே கொலம்பஸ் புளூ ஜக்கெட்சிடம் நான்குக்கு நான்கும் தோற்றது. முதல் போட்டியில் 3–0 என்று முன்னால் இருந்துவிட்டு 4–3 என்று தோற்றதில் தொடங்கியது அந்தச் சரிவு.

ஒரு வருடத்துக்குள் டாம்பா என்ன செய்தது என்பதுதான் என் கட்டுரையின் நடு. இன்னொரு குச்செரோவை அவர்கள் தேடவில்லை. 2020 பெப்ரவரியில் இரண்டு மூன்றாம் லைன் ஆட்களை வாங்கினார்கள். நியூ ஜேர்சியிலிருந்து பிளேக் கோல்மன், சான் ஹோசேயிலிருந்து பார்க்லி குட்ரோ. இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்று வாய்ப்பு என்பது அந்த லீக்கில் தங்கம். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முதல் சுற்று வாய்ப்பைத் தூக்கிக் கொடுத்தார்கள். கோல்மனுக்கு அதற்கு மேலே நோலன் ஃபூட் என்ற இளம் வீரரையும் கொடுத்தார்கள், அவரும் முந்தின வருடம் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர். குட்ரோ அந்தப் பருவத்தில் அதுவரை எட்டே கோல் அடித்திருந்தார். இவ்வளவு விலையா என்று கேட்காதவர்கள் குறைவு.

ஏற்கெனவே அணியில் இருந்த யானி கூர்டோடு இந்த இருவரையும் சேர்த்து ஒரு லைன் ஆக்கினார்கள். கூர்டும் குட்ரோவும் எந்த டிராஃப்டிலும் யாராலும் எடுக்கப்படாதவர்கள். ஆட்டம் தொடங்கும்போது பயிற்றுவிப்பாளர் ஜோன் கூப்பர் அடிக்கடி முதலில் இறக்கியது நட்சத்திரங்களை விட்டு இந்த மூவரைத்தான். ஓயாமல் துரத்துவதும், பக்கை எதிரணியின் மூலைக்குள்ளேயே வைத்து அரைப்பதும், தண்டனை நேரத்தைக் கடத்துவதும் இவர்கள் வேலை. எதிரணியின் முதல் லைன் இவர்களோடு மல்லுக்கட்டிக் களைத்த பிறகு குச்செரோவும் பிரேடன் பொயின்டும் இறங்குவார்கள். 2020இல் டாம்பா கிண்ணம் வென்றது, முதல் சுற்றில் அதே கொலம்பசை வென்றுகொண்டு. 2021இல் மறுபடியும் வென்றது.

2021 அரையிறுதித் தொடரின் ஏழாவது போட்டி, நியூயோர்க் ஐலண்டர்ஸ் அணியோடு. 60 நிமிடத்தில் விழுந்தது ஒரு கோல். அந்த நேரம் டாம்பாவுக்கு ஒரு ஆள் குறைவு. அந்தோனி சிரெல்லி கொடுத்த பாஸை வாங்கி அடித்தவர் யானி கூர்ட். தடுக்க இறக்கப்பட்டவர் அடித்த கோல்தான் அணியை இறுதிக்குக் கொண்டுபோனது. இறுதியில் எதிரே நின்றது மொன்றியல், டானோவின் அணி. இரண்டாவது போட்டியின் நடுப்பகுதி முடிய ஒரு விநாடி இருக்கும்போது குட்ரோ குறுக்கே கொடுத்த பக்கைக் கோல்மன் முழுதாகப் பாய்ந்து விழுந்து உள்ளே தட்டினார். ரொறன்ரோவை உள்ளே விடாத அணியை இந்த மூன்றாம் லைன்காரர்கள்தான் திறந்தார்கள்.

கிண்ணம் வாங்கிய அதே ஜூலையில் மூவரும் பிரிந்தார்கள். லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. அப்போது அது எட்டுக் கோடி 15 இலட்சம் டொலர். நட்சத்திரங்களுக்குக் கொடுத்த பிறகு இவர்களுக்குக் கொடுக்க டாம்பாவிடம் இடம் இருக்கவில்லை. கூர்ட் புதிதாகத் தொடங்கிய சியாட்டில் அணிக்குப் போனார். கோல்மனைக் கல்கரியும் குட்ரோவை நியூயோர்க் ரேஞ்சர்சும் ஆறு ஆறு வருட ஒப்பந்தத்தில் எடுத்தன.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்த ஆறு வருடம் முடியுமுன்னே, 2024இல், ரேஞ்சர்ஸ் குட்ரோவை விட்டுவிட்டது. சான் ஹோசே மறுபடி எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட வீரரின் மதிப்பு அவர் யாரோடு நிற்கிறார், யாருடைய நேரத்தைக் காக்கிறார் என்பதில் இருக்கிறது. அந்தக் கூட்டை உடைத்து ஒருவரை மட்டும் நீண்ட காலத்துக்கு வாங்கினால் அந்த மதிப்பு முழுதாகக் கூட வருவதில்லை. பரண் ஒன்றைக் கழற்றிக் கொண்டுபோய் வீட்டு முற்றத்தில் வைத்த மாதிரி.

நம் பக்கத்து ஆட்களுக்குப் பழக்கமான தரை ஹொக்கியிலும் இதையே காணலாம். கோலுக்குப் பக்கத்தில் செய்த தவறுக்காக எதிரணிக்குப் பெனால்ட்டி கோர்னர் என்ற அடி கொடுத்தால் கோல்காப்பாளரோடு சேர்த்து ஐந்து பேர்தான் பின்கோட்டில் நின்று காக்க முடியும். பந்து உள்ளே தள்ளப்பட்ட கணத்தில் ஒருவர் நேராக, அடிக்கப்போகிறவரை நோக்கி ஓடுவார். மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேலான வேகத்தில் வரும் பந்தை எதிர்த்து ஓடுவது. இந்திய அணியில் பல வருடமாக அந்த முதல் ஓட்டம் அமித் ரோகிதாசின் வேலை. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜேர்மனியோடு வெண்கலத்துக்கான போட்டி, 5–4 முன்னிலை, கடைசி ஏழு விநாடிகூட இல்லாத நேரத்தில் ஜேர்மனிக்குப் பெனால்ட்டி கோர்னர். இந்தியக் கோல்காப்பாளர் ஸ்ரீஜேஷ் தடுத்தது எல்லாருக்கும் ஞாபகம். அடிக்கிறவரை அவசரப்படுத்திக்கொண்டு ஓடிய ரோகிதாசைப் பலர் மறந்துவிட்டார்கள். 2024 பரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரித்தானியாவுக்கு எதிராக 17ஆவது நிமிடத்தில் அவருக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. மிச்சப் போட்டி முழுக்கப் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்து இந்தியா ஷூட்டவுட்டில் வென்றது. ஆனால் ஜேர்மனியோடு நடந்த அரையிறுதியில் விளையாட அவருக்குத் தடை. இந்தியா 3–2 என்று தோற்றது. ஒருவர் இல்லாததால்தான் தோற்றார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் இல்லாத அன்று அவர் பெயரை எல்லாரும் சொன்னார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

அந்த வருடம் ஒக்டோபரில் இந்திய ஹொக்கி லீக் ஏலம் நடந்தபோது, தமிழ்நாடு டிராகன்ஸ் அணி ரோகிதாசை 48 இலட்சம் இந்திய ரூபாய்க்கு எடுத்தது. ஏலத்தின் உச்ச விலை ஹர்மன்பிரீத் சிங்குக்கு, 78 இலட்சம். இருவரும் பின்வரிசை ஆட்கள். ஹர்மன்பிரீத் பெனால்ட்டி கோர்னரை அடிக்கிறவர், ரோகிதாஸ் அதை எதிர்த்து ஓடுகிறவர். கோல் அடிப்பது கஷ்டமான கலைதான், அதற்குக் கூட விலை கொடுப்பதை நான் பிழை சொல்லவில்லை. ஆனாலும் 48 இலட்சம் என்ற எண்ணைப் பார்த்தபோது, மண் தரையில் பின்பக்கமாக நடந்த என் கூட்டாளிப் பெடியனை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ரொறன்ரோவின் பிரச்சினையும் இந்த விலைப் பங்கீட்டில்தான் இருந்தது. 2021இல் மத்யூஸ், மார்னர், டவாரஸ், வில்லியம் நைலாண்டர் ஆகிய நால்வரின் சம்பளம் மட்டுமே உச்சவரம்பில் பாதி. மிச்சப் பாதியில் பதினாறு, பதினேழு பேரை எடுக்க வேண்டும். 1967க்குப் பிறகு அந்த நகரம் ஸ்டான்லி கிண்ணத்தைக் காணவில்லை. நால்வரும் கெட்டிக்காரர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்கள் பெஞ்சில் இருக்கும் அந்த நாற்பது நிமிடத்துக்குத்தான் காசு மிஞ்சவில்லை.

டாம்பாவோ, இழந்த மூவரின் இடத்தை அடுத்த பருவமே நிரப்பத் தொடங்கியது. 2022 மார்ச்சில் சிக்காகோவிலிருந்து பிரண்டன் ஹேகலை எடுக்க இரண்டு முதல் சுற்று வாய்ப்பைக் கொடுத்தது. ஒட்டாவாவிலிருந்து நிக் போல் என்ற உயரமான, சத்தமில்லாத ஒரு மூன்றாம் லைன்காரரையும் எடுத்தது. தண்டனை நேரத்தைக் கடத்துவதில் நல்ல கைக்காரர்.

அந்த வருடம் மே மாதம் முதல் சுற்றில் ரொறன்ரோவும் டாம்பாவும் சந்தித்தன. தொடர் மறுபடியும் ஏழாவது போட்டிக்குப் போனது. இங்கே பெற்றோல் வரிசைக் காலம். ஞாயிறு விடியற்காலை, அதே விறாந்தை, அதே நாலரை மணி. ஸ்காபரோவில் மருமகன் அதே நீலச் சட்டையோடு இருந்தான். இந்தத் தடவை நானும் ஆட்களை அடையாளம் பிடிக்கப் பழகியிருந்தேன். டாம்பா 2–1 என்று வென்றது. இரண்டு கோலையும் அடித்தவர் நிக் போல்.

இரண்டாவது கோல் விழுந்தபோது படம் உறைந்து நின்றுவிட்டது. குரல் மட்டும் வந்தது. "மாமா" என்றான், பிறகு நிறைய நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அவன் மிசிசாகா பெடியன் மாமா. எங்கட வீட்டில இருந்து அரை மணித்தியாலம்."